ஸ்ட்ரூவண்டேல் இன்ஜின் ஆலை: கார் போன பிறகும் இன்ஜின் ஏன் தங்கியது?

மலபார்வாசி, போர்ட் எலிசபெத்

ரொம்ப நாளாக என்னிடம் இருக்கும் கேள்வி இது. ஃபோர்டு எங்கள் ஊரில் கார் கட்டுவதை, 1985இல் ஆம்கார் என்ற கார்க் கம்பெனியோடு இணைந்த பிறகு நிறுத்திவிட்டு, பிரிட்டோரியா பக்கம் சில்வர்டனுக்குப் போனது. எங்கள் ஊரின் ஸ்ட்ரூவண்டேல் பகுதியில் இருந்த இன்ஜின் ஆலை மட்டும் போகவில்லை. 1964இல் திறந்தது, இன்றும் ஓடுகிறது. வண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி உருவாகிறது, அதன் இன்ஜின் கடலோரத்தில் உருவாகிறது. நாற்பது வருஷமாக இதே கதைதான். ஏன்?

விவரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. தென்னாப்பிரிக்காவில் கார்த் தொழில் பிறந்ததே எங்கள் ஊரில்தான். 1923இல் ஃபோர்டு வந்தது. கிரஹாம்ஸ்டவுன் சாலையில் கம்பளி வைத்திருந்த ஒரு பழைய கிடங்கில், கனடாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வைத்து மாடல் டி கட்டினார்கள். 1926இல் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கேயே வந்தது. 1948இல் நீவ் பகுதியில் ஃபோர்டு பெரிய ஆலை போட்டது. ஆனால் அதுவரை இன்ஜின் எல்லாம் கப்பலில்தான் வந்தது. நாமே இன்ஜின் செய்யத் தொடங்கியது ஸ்ட்ரூவண்டேலில்.

ஊருக்கு 2021 முதல் கெபேர்கா என்று பெயர். வீட்டில் இன்னும் பி.இ. என்றே வாயில் வருகிறது.

என் அப்பா அந்த ஆலையில் அளவு பார்க்கும் அறையில் 24 வருஷம் இருந்தார். தாத்தா குடும்பம் சவுத் எண்டில் இருந்தது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நிறவெறிக் காலக் குழுப் பகுதிச் சட்டத்தில் அங்கிருந்து கிளப்பி எங்களை மலபாரில் கொண்டுவந்து விட்டார்கள். வீடு போனது, கடை போனது, அக்கம்பக்கம் எல்லாம் சிதறியது. அப்பாவுக்கு நிலையாக நின்ற ஒன்று அந்த வேலைதான். அதனால் இந்த ஆலையின் கதையை யாராவது முழுசாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

லாடியம்காரன், பிரிட்டோரியா

அண்ணா, நல்ல கேள்வி. நான் இயந்திர வேலைப் பொறியாளர், கோயம்புத்தூரில் படித்துவிட்டு 2009இல் இங்கே வந்தவன். இதற்கு விடை தராசில் இருக்கிறது என்பேன்.

1961 முதல் அரசாங்கம் கார்க் கம்பெனிகளிடம் ஒன்று கேட்டது: நீங்கள் விற்கும் வண்டியில் இத்தனை சதவீதம் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். அந்த சதவீதத்தைப் பண மதிப்பில் கணக்கிடவில்லை, எடையில் கணக்கிட்டார்கள். கட்டம் கட்டமாக ஏற்றிக்கொண்டே போனார்கள். 1971இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில் 52 சதவீதத்திலிருந்து 66 சதவீதத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள்.

எடைதான் கணக்கு என்றால் எதை முதலில் உள்நாட்டில் செய்வீர்கள்? கண்ணாடி, டயர், பேட்டரி, சீட்டு எல்லாம் செய்தாகிவிட்டது. அடுத்து கனமானது இரும்பு பிளாக் (இன்ஜினின் உடல்), கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு), சிலிண்டர் ஹெட் (பிளாக்கின் மேல் உட்காரும் பகுதி). ஒரு ரேடியோவையோ மீட்டர் பலகையையோ உள்ளூரில் செய்து நூறு கிராம் சேர்ப்பதைவிட, வார்ப்பு இரும்பைக் கடைந்து ஒரே அடியில் நூறு கிலோவுக்கு மேல் கணக்கில் ஏற்றலாம். ஸ்ட்ரூவண்டேல் ஆலை 1964இல் ஏன் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அது ஏன் தங்கியது என்பது அடுத்த விஷயம். மாலையில் எழுதுகிறேன், ஷிஃப்ட் இருக்கிறது.

ஃபீனிக்ஸ் மெக்கானிக், டர்பன்

தம்பி சொன்ன எடைக் கணக்கு எனக்குப் புதிது. ஆனால் இப்போது ஒன்று விளங்குகிறது. ஃபோர்டின் எசெக்ஸ் வி6 இன்ஜின் எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. இங்கிலாந்தில் 1980களிலேயே அதை விட்டுவிட்டார்கள். ஸ்ட்ரூவண்டேலில் 2000 வரை செய்தார்கள்.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 60 பாகை வி, 2,994 சி.சி. இங்கிலாந்து கார்ட்டினாவில் 2.3 லிட்டர் கொலோன் வி6 போட்டார்கள். நம் ஊர் கார்ட்டினாவில் போட்டது முழு மூன்று லிட்டர் எசெக்ஸ். எக்ஸ்.ஆர்.6 என்று பெயர் போட்டு வந்த அந்த வண்டி சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கல்யாண ஊர்வலம் முதல் ரேஸ் வரை எல்லா இடத்திலும் இருந்தது. பிறகு சியராவிலும் சஃபையரிலும் வந்தது. கார்ட்டினா பக்கியிலும் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி) இருந்தது. காய்கறி ஏற்றிக்கொண்டு காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குப் போன பக்கிகளில் பாதி அந்தச் சத்தம்தான்.

அதன் பலவீனம் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும்: வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் பல்சக்கரம் ஃபைபரால் ஆனது. சத்தம் வராமல் இருக்க அப்படி வைத்தார்கள். வயதானால் பல் உதிரும். எஃகுச் சக்கரம் மாற்றிவிட்டால் இன்ஜின் உங்களை விட்டுப் போகாது. நான் 31 வருஷமாக இதைத் திறந்து மூடுகிறேன், இன்றும் கை வைத்தால் மரியாதை வருகிறது.

சாட்ஸ்வொர்த் அக்கா, டர்பன்

எனக்கு மெஷின் விஷயம் தெரியாது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் பிராஸ்பெக்டனில் டொயோட்டாவில் இருக்கிறார்கள், அங்கே வண்டி கட்டுவது என்றால் என்ன என்று ஓரளவு தெரியும். இன்ஜின் ஆலையில் உண்மையில் என்ன நடக்கிறது? வெளியே இருந்து வரும் பாகங்களைப் பூட்டுவதா, அங்கேயே செய்வதா?

லாடியம்காரன், பிரிட்டோரியா

அக்கா, இரண்டும்தான். ஆனால் உயிர் இருப்பது முதல் பாதியில். எந்த இன்ஜின் ஆலைக்கும் பொருந்துவதைச் சொல்கிறேன்.

வார்ப்படசாலையிலிருந்து பிளாக் வரும்போது அது மணல் ஒட்டிய முரட்டு இரும்பு. முதல் வேலை, அதில் சில இடங்களைச் சமமாகச் சீவி, சில துளை போடுவது. அந்த இடங்கள்தான் கடைசிவரை எல்லா அளவுக்கும் ஆதாரம். அங்கே தவறினால் பிறகு எத்தனை துல்லியமாகக் கடைந்தாலும் பயனில்லை. அப்புறம் சிலிண்டர் துளைகளைக் குடைந்து, ஹோனிங் செய்வார்கள், அதாவது உரசுகல்லால் தேய்ப்பார்கள். துளைச் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும். சுவர் கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தால் எண்ணெய் நிற்காது, ரிங் தேய்ந்துவிடும்.

கிராங்க் உட்காரும் இடத்தில் இன்னொரு நுட்பம். மூடிகளை பிளாக்கோடு முறுக்கிவிட்டு, இரண்டையும் சேர்த்தே ஒரே நேர்கோட்டில் குடைவார்கள். அதனால் ஒரு பிளாக்கின் மூடி இன்னொரு பிளாக்குக்குச் சேராது. பிறகு கிராங்கின் தண்டையும் பிளாக்கின் துளையையும் அளந்து, இரண்டுக்கும் பொருந்தும் தடிமனில் பேரிங் ஓட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். மைக்ரான் கணக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நடுவே பல தடவை கழுவுவார்கள். எண்ணெய் வழியில் ஒரே ஒரு இரும்புச் சீவல் தங்கினாலும் பேரிங் போய்விடும்.

பூட்டிய பிறகு சோதனை. முன்பெல்லாம் எரிபொருள் ஊற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். இப்போது பல ஆலைகளில் மின்மோட்டார் வைத்துச் சுற்றி, அழுத்தம், முறுக்கு, அதிர்வு எல்லாவற்றையும் சென்சாரால் பிடித்து நல்ல இன்ஜினின் கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு சொட்டு டீசல் எரியாமலே எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடலாம்.

இப்போது மலபார் அண்ணாவின் கேள்வி. கார் கட்டும் லைனை நகர்த்துவது பெரிய வேலைதான், ஆனால் முடியும். கடைசல் லைன் அப்படியல்ல. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி அடித்தளம், கூலன்ட் வாய்க்கால், அதிர்வு வராத தரை. பிடுங்கி வேறு ஊரில் நட்டால் பழைய அளவுக்குத் திரும்பவே மாதக்கணக்கில் ஆகும். அதோடு, இன்ஜின் கச்சிதமான சரக்கு. லாரியில் அடுக்கி அனுப்பலாம். முழுக் கார் அப்படியல்ல, பாதி காற்றுதான் பயணம் செய்யும். கார் வாங்குபவர்கள் அதிகம் இருந்தது ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா வட்டாரத்தில். அதனால் காரை வாங்குபவர் பக்கம் கட்டு, இன்ஜினை இருக்கும் இடத்திலேயே செய். 1985இல் ஆங்கிலோ அமெரிக்கன் சுரங்கக் கம்பெனியின் ஆம்காரும் ஃபோர்டும் சேர்ந்து சாம்கோர் ஆனபோது இந்தக் கணக்குத்தான் ஓடியிருக்கும்.

லெனேசியா ஐயா, ஜோஹன்னஸ்பர்க்

தம்பி, கணக்கு சரி. ஆனால் அந்தக் காலத்தைக் கணக்கு மட்டும் வைத்துச் சொன்னால் பாதிதான் வரும்.

ஸ்ட்ரூவண்டேல் என்றால் எங்கள் தலைமுறைக்கு இன்ஜினுக்கு முன்னால் ஞாபகம் வருவது 1979. அங்கே இருந்த கார்ட்டினா ஆலையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தவர் தொசாமிலே போத்தா. போர்ட் எலிசபெத் கறுப்பின மக்கள் அமைப்பான பெப்கோவின் தலைவர். வேலையா அரசியலா என்று நெருக்கியதால் அவர் வேலையை விட்டார். அக்டோபர் கடைசியில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வெளிநடப்பு செய்தார்கள். சில நாளில் அவரைத் திரும்ப எடுத்தார்கள். அதன் பிறகும் மோதல் ஓயவில்லை. 1980 ஜனவரியில் போலீஸ் அவரைப் பிடித்தது, பிறகு அரசாங்கம் அவருடைய நடமாட்டத்துக்கும் பேச்சுக்கும் தடை போட்டது, அவர் லெசோத்தோவுக்குத் தப்பினார். ஊதியத்துக்காக மட்டும் நடந்த வேலைநிறுத்தம் இல்லை அது. குடியிருப்பில் நடந்த போராட்டமும் ஆலைக்குள் நடந்த போராட்டமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது.

1985இல் கார் ஆலை போனபோது அடிபட்டவர்கள் யார்? நியூ பிரைட்டன் போன்ற கறுப்பினக் குடியிருப்புகளிலும் கலப்பினக் குடியிருப்புகளிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள். மலபாரிலும் சில. இன்ஜின் ஆலை தங்கியது என்று நாம் சந்தோஷப்படும்போது, அதன் பக்கத்தில் காலியான கூரையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம், 1988இல் ஃபோர்டு முழுசாக நாட்டை விட்டு விலகியது. சாம்கோரின் 24 சதவீதப் பங்கைத் தொழிலாளர் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. 1994இல் 45 சதவீதம் வாங்கித் திரும்பி வந்தது. நடுவில் இருந்த அந்த வருஷங்களிலும் ஸ்ட்ரூவண்டேலில் ஃபோர்டு இன்ஜின் செய்வது நிற்கவில்லை.

மலபார்வாசி, போர்ட் எலிசபெத்

ஐயா, நீங்கள் சொன்னது மனதைத் தொட்டது. அந்த வருஷங்களைப் பற்றி அப்பா அதிகம் பேச மாட்டார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகளும் ஒரே மாதத்தில் வேலை இழந்தார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்தத் தீபாவளிக்குத் தெருவில் யாரும் வெடி வாங்கவில்லையாம்.

செங்கல்பட்டான், கேப் டவுன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். எடை வைத்து உள்நாட்டுப் பங்கு என்பது மோசமான கொள்கை. கனமாக இருந்தால் நல்லது என்று ஒரு தொழிலுக்கே கற்றுக்கொடுத்தார்கள். உலகம் அலுமினியத்துக்குப் போனபோது இங்கே இரும்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சின்னச் சந்தையில் ஏகப்பட்ட மாடல்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். விலை ஏறியது, யாருக்கு நஷ்டம்? வாங்கியவருக்கு. 1989இல் எடையை விட்டுவிட்டு மதிப்புக்கு மாற்றியதே அது தோற்றதற்குச் சாட்சி.

ஃபீனிக்ஸ் மெக்கானிக், டர்பன்

தம்பி, தோற்றது என்று சொல்லாதீர்கள். அந்த இரும்பில்தான் இந்த நாட்டில் டூல் செட்டரும் கிரைண்டரும் உருவானார்கள். என்னிடம் கிராங்க் தீட்டிக் கொடுப்பவர் அந்த ஊரில் தொழில் கற்று வந்தவர். இன்று வரை அவர் கைக்கு ஈடு இல்லை.

லாடியம்காரன், பிரிட்டோரியா

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் செங்கல்பட்டார் பக்கம் நான் கொஞ்சம் சாய்கிறேன். எடைக் கொள்கை ஆலையைப் பிறக்க வைத்தது, வளர்க்கவில்லை. வளர்த்தது 1995இல் வந்த மோட்டார் தொழில் வளர்ச்சித் திட்டம். ஏற்றுமதி செய்தால் அதற்கு ஏற்ப இறக்குமதி வரியில் கழிவு கிடைக்கும் என்றார்கள். அதன் பிறகு சின்னச் சின்ன எண்ணிக்கையில் பத்து வகை செய்வதைவிட, ஒன்றிரண்டை ஏராளமாகச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவது லாபம் ஆனது. துறைமுகத்தின் பக்கத்தில் இருந்தது அப்போதுதான் முழுப் பலன் தந்தது.

ரோகேம் இன்ஜின் அதன் முதல் பெரிய பலன். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, ரோலர் வைத்த கேம் விசை. 1.3, 1.6 லிட்டர், எட்டு வால்வு, டைமிங்குக்கு பெல்ட் இல்லாமல் செயின். உலகத்தில் பிரேசிலின் தவுபதேயிலும் இங்கேயும் செய்தார்கள். ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது.

2011இல் ரேஞ்சர் பக்கிக்காக டீசல் வந்தது: 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர், 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர். பிளாக், ஹெட், கிராங்க் மூன்றையும் இங்கேயே கடைந்தார்கள். பிறகு 2 லிட்டர் இரட்டை டர்போ. 2022இல் 60 கோடி ராண்ட் முதலீட்டில் 3 லிட்டர் வி6. 184 கிலோவாட், 600 நியூட்டன் மீட்டர். சில்வர்டனில் கட்டும் புதிய வோக்ஸ்வாகன் அமரோக்கிலும் அந்த வி6 தான். ஸ்ட்ரூவண்டேலுக்குப் பக்கத்து ஊரான கரியேகாவில் வோக்ஸ்வாகனின் சொந்த ஆலை இருக்கும்போது, அவர்கள் பக்கிக்கு இன்ஜின் ஃபோர்டு ஆலையிலிருந்து போகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

ஃபீனிக்ஸ் மெக்கானிக், டர்பன்

ரோகேம்! பேண்டம் பக்கியின் உயிர் அது. ஐகானிலும் இருந்தது. எளிமையான இன்ஜின், செயினும் எண்ணெயும் பார்த்துக்கொண்டால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியதை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

செங்கல்பட்டான், கேப் டவுன்

ஐகான் என்றதும் நான் பேசாமல் இருக்க முடியாது. அந்த வண்டி பாகம் பாகமாக எங்கள் ஊர் மறைமலை நகரிலிருந்து கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. நான் பள்ளி போகும் வழியில் ஜி.எஸ்.டி. சாலையில் அந்த ஆலையின் வாசலைத் தாண்டித்தான் போவேன். ஷிஃப்ட் விடும்போது சாலை முழுக்க நீலச் சட்டை.

மலபார் அண்ணாவின் கேள்விக்கு இந்தியாவிலும் ஒரு பதில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலை நகரும் குஜராத்தில் சனந்த் ஆலையும் கார் விஷயத்தில் மூடின. சனந்த் கார் ஆலையை டாட்டா வாங்கியது. ஆனால் சனந்த் இன்ஜின் ஆலையை ஃபோர்டு விடவில்லை! ஏற்றுமதி ரேஞ்சருக்கு அங்கிருந்து இன்ஜின் போகிறது. போர்ட் எலிசபெத்தில் நடந்தது அப்படியே மறுபடி. கார் போனது, இன்ஜின் நின்றது.

இன்னொன்று. 2025 அக்டோபர் 31 அன்று தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம். மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் புதிய இன்ஜின் ஆலை, வருஷத்துக்கு 2,35,000 இன்ஜின், 2029 முதல். கார் இல்லை, இன்ஜின் மட்டும். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். எங்கள் தெருவில் எத்தனை பேர் அந்த வாசலை நம்பி வாழ்ந்தார்கள் என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

சாட்ஸ்வொர்த் அக்கா, டர்பன்

தம்பி, கண் கலங்கிவிட்டது. பிராஸ்பெக்டனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஆலை முழுக்கத் தண்ணீரும் சேறும். மாதக்கணக்கில் வண்டி வரவில்லை. அப்போது எங்கள் வீட்டில் பேச்சு இதுதான்: திறப்பார்களா, வேறு ஊருக்குப் போய்விடுவார்களா. ஒரு ஆலை ஊரை விட்டுப் போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நாலு மாதத்தில் தெரிந்தது.

ஆனால் ஒரு பயம். இனி பேட்டரி வண்டி என்கிறார்கள். அப்போது ஸ்ட்ரூவண்டேல் என்ன ஆகும்?

லாடியம்காரன், பிரிட்டோரியா

பயம் நியாயம் அக்கா. 2025 ஆகஸ்டில் சில்வர்டன், ஸ்ட்ரூவண்டேல் இரண்டிலும் சேர்த்து 474 வேலை வரை குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதில் பெரும்பகுதி சில்வர்டனில். பிளக் போட்டு சார்ஜ் ஏற்றும் ரேஞ்சர் ஹைபிரிட் சில்வர்டனில் தொடங்கியிருக்கிறது, அதில் இருப்பது 2.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஸ்ட்ரூவண்டேல் இன்று நிற்பது டீசலில். பெரிய பக்கிக்கு டீசல் தேவை இன்னும் பல வருஷம் இருக்கும் என்பது என் எண்ணம். இழுவை, தூரம், பண்ணைச் சாலை, இதற்கெல்லாம் பேட்டரி இன்னும் வரவில்லை. ஆனால் அடுத்த இன்ஜினுக்கான முதலீடு அந்த ஆலைக்கு வருமா என்பதை ஒவ்வொரு மாடல் மாறும்போதும் பயத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

மலபார்வாசி, போர்ட் எலிசபெத்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 83 வயது, காது கொஞ்சம் மந்தம், ஆனால் பேரிங் கிரேடு, அதாவது தடிமன் தேர்ந்தெடுப்பது, பற்றி வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

லாடியம் தம்பி சொன்ன காரணங்கள் சரி என்றார். ஆனால் அவர் சேர்த்தது இது. அவருடைய அறையில் எப்போதும் 20 பாகை வெப்பம். எஃகு சூட்டில் நீளும், அதனால் உலகம் முழுக்க அளவு பார்ப்பது அந்த வெப்பத்தில்தான். வெளியே எங்கள் ஊர்க் காற்று கூரையைப் பிய்க்கும், உள்ளே வருஷம் முழுக்க ஒரே பருவம். லைனில் இருந்து ஒருவர் பிளாக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அளப்பதற்கு முன்னாலேயே "இது மூணு மைக்ரான் பெரிசு, டூல் தேய்ந்துவிட்டது" என்று சொல்வாராம். சத்தத்தைக் கேட்டே. அளந்தால் அப்படியே இருக்கும். "அந்த ஆளை லாரியில் ஏற்றிப் பிரிட்டோரியா அனுப்ப முடியுமா?" என்று கேட்டார் அப்பா. அந்த ஆளுக்கு நியூ பிரைட்டனில் வீடு, ஐந்து பிள்ளைகள், எங்கேயும் போயிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் அப்பாவோடு உட்கார்ந்து பதிவு செய்யப் போகிறேன். கேட்க வேண்டியது இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள்.

லெனேசியா ஐயா, ஜோஹன்னஸ்பர்க்

1979இல் கார்ட்டினா ஆலையில் வெளிநடப்பு நடந்த அன்று இன்ஜின் ஆலைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். சொல்ல மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

ஃபீனிக்ஸ் மெக்கானிக், டர்பன்

எசெக்ஸ் கடைசி வருஷங்களில் கிராங்க் கிரேடு குறியை எங்கே அடித்தார்கள் என்று கேளுங்கள் அண்ணா. என் மேஜையில் ஒன்று திறந்து கிடக்கிறது, எழுத்து தேய்ந்துவிட்டது.